ரஜூலா: ஒரு கப்பலை நினைப்பது பற்றி

1

நான் பார்த்திராத ஒரு கப்பலைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன். நான் பிறப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பே, 1974-இல், அது பம்பாயில் உடைபட்டுப் பழைய இரும்பாகிவிட்டது. ஆனால் தஞ்சை, நாகப்பட்டினம், இராமநாதபுரம் பக்கங்களில், எழுபதைத் தாண்டியவர்கள் கூடியிருக்கும் ஒரு திண்ணையில் 'ரஜூலா' என்று சொல்லிப் பாருங்கள். யாராவது ஒருவர் நிமிர்ந்து உட்காருவார்.

பார்க்காத ஒன்றை நினைவுகூர முடியுமா என்பது தத்துவம் படித்தவர்களுக்குப் பிடித்தமான கேள்வி. அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. அப்படி நினைவுகூரும்போது நான் யாருடைய நினைவை எடுத்துக்கொள்கிறேன்? எடுத்துக்கொள்ள எனக்கு என்ன பாத்தியதை? இது தர்க்கம் சம்பந்தப்பட்ட விஷயம் அல்ல, தார்மீகம் சம்பந்தப்பட்டது என்பது என் அபிப்பிராயம்.

தகவல்களை முதலில் வைத்துவிடுகிறேன். ரஜூலா 1926-இல் கிளாஸ்கோவில், பார்க்ளே கர்ல் கம்பெனியின் கட்டுதளத்தில் உருவானது. ஏறத்தாழ 8500 டன். சொந்தக்காரர்கள் பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி, சுருக்கமாக பி.ஐ. 1856-இல் கல்கத்தாவுக்கும் பர்மாவுக்கும் இடையே கப்பல் விட ஆரம்பித்து, 1862-இல் இந்தப் பெயரை எடுத்துக்கொண்ட ஸ்தாபனம் அது. 1914-இல் பி. அண்டு ஓ. கம்பெனியோடு இணைந்த பிறகும் தன் பெயரையும் கொடியையும் விடவில்லை. கறுப்புப் புகைபோக்கியில் இரண்டு வெள்ளைப் பட்டைகள் அதன் அடையாளம். சென்னையில் அதற்கு ஏஜெண்டுகள் பின்னி கம்பெனி.

பி.ஐ. தன் கப்பல்களுக்குப் பெரும்பாலும் 'ஆ' ஒலியில் முடியும் ஊர்ப் பெயர்களை வைத்தது. ரஜூலா சௌராஷ்டிரத்தில் உள்ள ஒரு சிறு ஊர். அந்தக் கப்பலில் போய்வந்த தமிழர்களில் அந்த ஊரைக் கண்ணால் பார்த்தவர் ஒருவராவது இருந்திருப்பாரா என்பது சந்தேகமே. நம் ஜனங்களுக்கு அது ஊரின் பெயர் அல்ல. அக்கரைக்கு இன்னொரு பெயர்.

சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்பது அதன் வழி. நாகப்பட்டினத்தில் கப்பல் கரையோரம் வராது. தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். படகில் ஏறி, அலையில் தூக்கித் தூக்கிப் போடப்பட்டு, அதன் பக்கவாட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். காபின்களில் இருந்தவர்களை நூறுகளில் எண்ணலாம். டெக் பயணிகளுக்கு அதற்கு வழங்கப்பட்டிருந்த சான்று ஐயாயிரத்துக்கும் மேல். உலகத்தில் எந்தக் கப்பலுக்கும் எளிதில் கிடைத்திராத எண்ணிக்கை இது. ஐயாயிரம் பேர் என்றால் ஒரு சிறு டவுன். அந்த டவுனில் வீடு கிடையாது. பாய் விரிக்கும் அளவுக்கு இரும்புத் தரை உண்டு.

கட்டப்பட்ட காலத்தில் அது ஏற்றிப்போனது பெரும்பாலும் தோட்டக் கூலிகளை. கங்காணி ஊருக்கு வந்து ஆள் சேர்ப்பான். தோட்ட முதலாளிகளிடம் வசூலித்த இந்தியக் குடியேற்ற நிதி கப்பல் கூலியைக் கட்டும். ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் முகாம்கள். அக்கரையில் இறங்கியதும் பினாங்கு பக்கம் ஜெரெஜாக் தீவிலும் சிங்கப்பூர் பக்கம் செயின்ட் ஜான்ஸ் தீவிலும் நோய்த்தடுப்புக் காவல். 1930-க்குப் பின் ரப்பர் விலை விழுந்தபோது, கொண்டுபோய்விட்ட அதே மாதிரிக் கப்பல்களில் பல்லாயிரம் பேரைத் திருப்பிக் கொண்டுவந்து இறக்கினார்கள். 1938-இல் இந்திய அரசாங்கம் கூலி ஆள்கள் உதவிப் பணத்தில் மலாயாவுக்குப் போவதைத் தடை செய்தது. போரில் ரஜூலா துருப்புகளைச் சுமந்தது, பிழைத்தது. அது கொண்டுபோய் இறக்கியவர்களில் எத்தனையோ பேர் 1942-43-இல் சயாம் ரயில் பாதையில் பிழைக்கவில்லை. போருக்குப் பின் மறுபடி பழைய வழி. 1953-இல் மலாயாவின் குடியேற்றச் சட்டம் இறுகியது. அதற்குப் பிறகு கூலிகளைவிட வியாபாரிகளும், கணவனைத் தேடிப் போகும் மனைவிகளும், ஊர் பார்க்க வரும் குடும்பங்களும் அதிகம். 1973-இல் இந்திய ஷிப்பிங் கார்ப்பரேஷன் அதை வாங்கி, அந்தமானில் உள்ள ஓர் ஊரின் பெயரால் 'ரங்கத்' என்று மாற்றியது. அடுத்த வருஷம் உடைப்பு.

நாற்பத்தேழு வருஷம். இதற்குள் பலகையும் தகடும் எத்தனையோ முறை மாறியிருக்கும். எல்லாம் மாறின பிறகும் அது அதே கப்பல்தானா என்று கிரேக்கர்கள் கேட்டார்கள். இது கப்பல் சொந்தக்காரனின் கேள்வி. டெக் பயணி ஒரு தடவை போகிறான். முடிந்தால் ஒரு தடவை வருகிறான். கப்பல் மாறியதா என்பதை விடத் தான் மாறினோமா என்பது அவன் கேள்வி.

2

பழைய கப்பல்களை நினைக்கிறவர்கள் இரண்டு வகை.

ஒரு வகை, டன் கணக்கையும் புகைபோக்கியின் வர்ணத்தையும் எஞ்சின் வகையையும் மனப்பாடம் செய்தவர்கள். மேல்தளத்துச் சாய்வு நாற்காலி, வெள்ளைச் சீருடை, மாலை ஆறு மணிக்கு மணியடித்ததும் உடை மாற்றிக்கொண்டு சாப்பிடப் போவது, இவையெல்லாம் அவர்களுக்குக் கப்பலின் ஆத்மா. இவர்களை ஒரேயடியாகக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. கை வேலையில் உள்ள அழகு அழகுதான். கிளைட் நதிக்கரையில் அந்தத் தகடுகளுக்கு ஆணி அடித்தவனும் தொழிலாளிதான். ஆனால் இவர்கள் ரஜூலாவை நினைக்கும்போது ஐயாயிரம் பேர் ஒரு புள்ளிவிவரமாகி, கப்பலின் பெருமையில் சேர்ந்துவிடுகிறார்கள். 'இவ்வளவு பேரை ஏற்றிய கப்பல்' என்கிறபோது வியப்பு கப்பலுக்குப் போகிறது. ஏறினவர்களுக்கு வந்து சேருவதில்லை.

இரண்டாவது வகை நம்மில்தான் அதிகம். என் நண்பர் ஒருவர், நல்ல வாசகர், நான் ரஜூலாவைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தபோது இடைமறித்தார். "அது அடிமை வண்டிங்க. அதைப்பத்தி ஏக்கப்பட ஒண்ணும் இல்ல." ஏகாதிபத்தியத்தின் சாமான்களில் ஒன்று கப்பல், அதை நினைத்து நெகிழ்வது கொள்ளைக்காரனின் மாட்டுவண்டியை நினைத்து நெகிழ்வதற்குச் சமம் என்பது அவர் வாதம். இதில் உண்மை இருக்கிறது. ரப்பருக்கு ஆள் தேவைப்பட்டது, ஆளுக்குக் கப்பல் தேவைப்பட்டது, அதனால் ரஜூலா கட்டப்பட்டது. மற்றதெல்லாம் ஜோடனை.

ஆனால் நண்பரின் கோபத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. அவருடைய நினைவிலும் ஐயாயிரம் பேர் ஐயாயிரமாகவே இருக்கிறார்கள். முதல் வகைக்காரருக்கு அவர்கள் சரக்கு. இவருக்கு அவர்கள் துயரம். சரக்குக்கும் முகம் கிடையாது, துயரத்துக்கும் முகம் கிடையாது. இரண்டு பேருமே அந்த இரும்புத் தரையில் பாய் விரித்திருந்தவனைப் பார்த்து, அவனுக்கு என்ன நேர்ந்தது என்றுதான் கேட்கிறார்கள். அவன் என்ன செய்தான் என்று கேட்பதில்லை. செய்கிறவன் எப்போதும் வேறொருவன்: கம்பெனி, கங்காணி, துரை, சரித்திரம்.

ஒரு மனிதனுக்கு நேர்ந்ததை மட்டும் எழுதி, அவன் செய்ததை எழுதாமல் விட்டால் அது இரக்கமாக இருக்கலாம், மரியாதை அல்ல. செய்யவும், செய்ததற்காக உறுத்தப்படவும் கூடியவன் என்று ஒப்புக்கொள்ளும்போதுதான் ஒருவனை மனிதன் என்று ஒப்புக்கொள்கிறோம். டெக் பயணிக்கு இடம் கிடைத்தது, தண்ணீர் கிடைத்தது, பிற்பாடு நம்முடைய இரக்கமும் கிடைத்தது. மனசாட்சி மட்டும் காபின் வகுப்போடு நின்றுவிட்டது.

3

இது நம் எழுத்தின் குறை மட்டும் அல்ல. பி.ஏ.யில் எங்களுக்கு ஜோசப் கான்ராடின் 'லார்ட் ஜிம்' பாடமாக இருந்தது. 1900-இல் வந்த நாவல். பட்னா என்கிற கப்பலில் எண்ணூறு யாத்ரீகர்கள் மெக்காவை நோக்கிப் போகிறார்கள். நடுக்கடலில் அடிபட்டு, மூழ்கப்போகிறது என்று பயந்து, வெள்ளை அதிகாரிகள் படகில் தப்பிவிடுகிறார்கள். கடைசியில் ஜிம்மும் குதிக்கிறான். கப்பல் மூழ்கவில்லை. மிச்சமுள்ள நாவல் முழுவதும் அந்த ஒரு குதிப்பின் பின்விளைவு.

இது வெறும் கற்பனையும் அல்ல. 1880 ஆகஸ்டில் ஜெத்தா என்ற கப்பல் சிங்கப்பூரிலிருந்து பினாங்கு வழியாக, ஏறத்தாழ ஆயிரம் யாத்ரீகர்களோடு போயிற்று. நம் ரஜூலா பிற்பாடு போய்வந்த அதே துறைமுகங்கள். அதிகாரிகள் கப்பலைக் கைவிட்டு, ஏடன் போய்ச் சேர்ந்து, கப்பல் முழுகிவிட்டது என்று அறிவித்தார்கள். அது முழுகியிருக்கவில்லை. இன்னொரு கப்பல் அதை ஏடனுக்கே இழுத்துக்கொண்டு வந்து சேர்த்தது.

கான்ராடின் மேதைமையைப் பற்றி எனக்குச் சந்தேகம் இல்லை. ஒரு மனிதன் தன் செயலுக்கு முன்னால் தனியாக நிற்பதை அவ்வளவு தூரம் தொடர்ந்துபோனவர்கள் சிலரே. என் கேள்வி எண்ணூறு பேரைப் பற்றியது. அவர்கள் தூங்குகிறார்கள். ஜிம்மின் குற்றம் எவ்வளவு பெரியது என்று காட்டுவதற்குத் தேவையான எடையாகக் கீழே கிடக்கிறார்கள். அவர்கள் கண்விழித்தபோது, அதிகாரிகள் இல்லாத கப்பலில், ஒருவருக்கொருவர் என்ன சொல்லிக்கொண்டார்கள்? யார் தண்ணீரைப் பங்கிட்டது? யார் பங்கிட மறுத்தது? நாவலுக்கு அந்தக் கேள்வி எழவில்லை.

ஆனால் கான்ராட் ஒன்றைச் செய்திருக்கிறார். அதிகாரிகள் ஓடிய பிறகும் சுக்கானைப் பிடித்துக்கொண்டு இரண்டு மலாய்க்காரர்கள் நிற்கிறார்கள். விசாரணையில் அவர்களைக் கேட்கிறார்கள். ஒருவன், தான் எதுவும் நினைக்கவில்லை என்கிறான். மற்றவன், வெள்ளைக்காரர்களுக்கு ஏதாவது ரகசியக் காரணம் இருந்திருக்கும் என்று நினைத்ததாகச் சொல்கிறான். இரண்டு பதில்களும் அப்படியே விடப்படுகின்றன. நாவலில் கடமையைச் செய்தவர்கள் அவர்கள் இருவரும்தான். கதை அவர்களை விட்டுவிட்டுக் கடமை தவறியவனின் பின்னால் போகிறது. தவறியவனுக்குத்தான் உள்மனம் இருக்கிறது என்பது நவீன இலக்கியத்தின் ஒரு நம்பிக்கை. சுக்கானைப் பிடித்து நிற்பதற்கும் ஒரு உள்மனம் வேண்டும் என்பதை அது கவனிக்கவில்லை.

4

ரஜூலாவுக்கு உடன்பிறந்த கப்பல் ஒன்று உண்டு. ரோனா. அதே 1926, அதே கம்பெனி. கட்டியது மட்டும் டைன் நதிக்கரையில். அதுவும் இதே கடலில் நம் ஜனங்களை ஏற்றி இறக்கிய கப்பல்தான். போரில் அதையும் துருப்புக் கப்பலாக்கினார்கள். 1943 நவம்பர் 26 அன்று, அல்ஜீரியக் கரைக்கு அப்பால், ஏறத்தாழ இரண்டாயிரம் அமெரிக்கச் சிப்பாய்களோடு சூயஸை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. அவர்கள் வந்துசேர வேண்டிய இடம் இந்தியா. ஜெர்மன் விமானம் ஒன்று விடுத்த, ரேடியோவால் இயக்கப்படும் சறுக்குக் குண்டு கப்பலின் பக்கவாட்டைத் துளைத்தது. அமெரிக்கர்கள் மட்டும் 1015 பேர் இறந்தார்கள். கப்பலின் சிப்பந்திகளில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள். பெரும்பாலும் இந்தியர்கள், லாஸ்கர்கள்.

அந்த ஆயுதம் புதியது. அதன் வெற்றி வெளியே தெரியக்கூடாது என்று அமெரிக்க அரசாங்கம் விவரங்களை மறைத்தது. மகன் எப்படிச் செத்தான் என்று தெரியாமலே பல தாய்மார்கள் செத்தார்கள். பிழைத்தவர்கள் கிழவர்களான பிறகு, 1990-களில் ஒன்றுகூடி, அலபாமாவில் நினைவுச் சின்னம் எழுப்பினார்கள். 2000-இல் அமெரிக்கக் காங்கிரஸ் ஒரு தீர்மானம் நிறைவேற்றி அவர்களை நினைவுகூர்ந்தது. தாமதமான நியாயம், ஆனாலும் நியாயம்.

எனக்கு உறுத்துவது இன்னொன்று. தப்பிய அமெரிக்கர்களின் வாக்குமூலங்களில் ஒரு குற்றச்சாட்டு திரும்பத் திரும்ப வருகிறது: இந்தியச் சிப்பந்திகள் தங்கள் இடங்களை விட்டுவிட்டுப் படகுகளுக்கு ஓடினார்கள். படகுகள் பல துருப்பிடித்தும் வர்ணம் பூசிப் பூசி இறுகியும் கீழே இறங்கவில்லை என்பதும் அதே வாக்குமூலங்களில் உண்டு. ஓடியிருக்கலாம். தீப்பிடித்த கப்பலிலிருந்து, தன்னுடையது அல்லாத ஒரு யுத்தத்திலிருந்து, வெள்ளை மாலுமிக்குக் கொடுத்ததில் ஒரு சிறு பங்கைச் சம்பளமாக வாங்கிய ஒருவன் ஓடுவது நடக்காத காரியம் அல்ல. அதை மறுத்து அவர்களை வீரர்களாக்குவது என் நோக்கம் இல்லை.

என் நோக்கம் ஒரு ஒப்பீடு. வெள்ளை மாலுமி குதித்தால் அது ஒரு நாவல். அவன் ஏன் குதித்தான், குதித்த அந்தக் கணத்தில் அவன் கால்களுக்கு என்ன ஆயிற்று, அதற்குப் பிறகு அவன் எந்த ஊரில் எப்படித் தூங்கினான் என்று நானூறு பக்கம். லாஸ்கர் குதித்தால் அது அறிக்கையில் ஒரு வரி. இரண்டும் ஒரே செயல். ஒன்றில் செயலுக்குப் பின்னால் ஒரு ஆள் இருக்கிறான். மற்றதில் செயலுக்குப் பின்னால் ஒரு ஜாதி இருக்கிறது. ஜிம்மின் எதிரில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து இரவு முழுவதும் கேட்க ஒரு மார்லோ இருந்தான். லாஸ்கரின் எதிரில் யாரும் நாற்காலி போடவில்லை. நாமும் போடவில்லை. அவனைக் கோழை என்று அமெரிக்கன் எழுதினால் நாம் கோபப்படுகிறோம், அவன் சுரண்டப்பட்டவன் என்று பதில் எழுதுகிறோம். அவனுக்கு அந்த இரவு எப்படி இருந்தது என்று கேட்பதற்கு இரண்டு பதில்களிலும் இடமில்லை.

5

நான் வேலை பார்க்கும் கிளைக்கு ஒவ்வொரு நவம்பரிலும் பென்ஷன்காரர்கள் உயிர்ச் சான்று கொடுக்க வருவார்கள். அவர்களில் ஒருவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், எண்பது தாண்டிவிட்டது. கைரேகை மெஷினில் அவருடைய ரேகை எளிதில் விழாது. காத்திருக்கும் நேரத்தில் ஒருநாள் ரஜூலாவைப் பற்றிப் பேச்சு வந்தது. எட்டு வயதில், அம்மாவோடு, 1951-இல் நாகப்பட்டினத்தில் ஏறி அப்பாவிடம் பினாங்கு போனவர்.

அவர் சொன்னதைச் சுருக்கித் தருகிறேன். இவர்கள் பாய்க்குப் பக்கத்துப் பாயில் ஒரு பெண்ணும் கைக்குழந்தையும். முதல் இரண்டு நாள் இரண்டு தாய்மார்களும் ஊறுகாயைப் பங்கிட்டுக்கொண்டார்கள். மூன்றாம் நாள் அந்தப் பெண் குழந்தையைப் போர்த்திய துணியை விலக்கவே இல்லை. நான்காம் நாள் இவருடைய அம்மாவுக்குக் காய்ந்த வேப்பிலை வாசனை அடித்தது. பாய்க்கு அடியில் இருந்தது. குழந்தைக்கு அம்மை.

சொன்னால் என்ன ஆகும் என்று டெக்கில் எல்லோருக்கும் தெரியும். மொத்த டெக்கையும் தீவில் இறக்கிவிடுவார்கள். காத்திருக்கும் வேலை போகும், கைப்பணம் கரையும். சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதும் தெரியும். அந்தப் பெண் இவருடைய அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, ஆத்தா இறங்கிவிடுவாள், கரை வருவதற்குள் இறங்கிவிடுவாள் என்று அழுதாள். அம்மா ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தாள். விடிந்ததும் போய்க் கப்பல் டாக்டரின் ஆளிடம் சொல்லிவிட்டாள்.

தாயையும் பிள்ளையையும் தனியே கொண்டுபோனார்கள். பினாங்கில் மேல் வகுப்புக்காரர்கள் இறங்கிப் போனதை இவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். டெக்கில் இருந்தவர்களைத் தீவுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே இருந்த நாள்களில் இவருடைய அம்மாவோடு ஒருவரும் பேசவில்லை. குழாயடியில் அவள் பானையை நகர்த்தி வைத்தார்கள்.

"அந்தக் குழந்தை பொழச்சுதா சார்?" என்று கேட்டேன்.

"தெரியலை தம்பி. அம்மாவுக்கும் தெரியாது. சாகற வரைக்கும் அதான் கேட்டுக்கிட்டிருந்தா. நான் சொன்னது சரியாடா, நான் சொன்னது சரியாடான்னு. நான் வாத்தியார்ல, என்கிட்ட பதில் இருக்கும்னு நெனச்சா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஒவ்வொரு வயசுல ஒவ்வொண்ணு சொன்னேன்."

அவருடைய ரேகை அப்போது விழுந்துவிட்டது. அடுத்த டோக்கனைக் கூப்பிட வேண்டியிருந்தது.

6

அந்த அம்மாள் செய்தது சரியா? டெக்கில் இருந்த நூற்றுக்கணக்கான குழந்தைகளைக் கணக்கில் எடுத்தால் சரி. கையைப் பிடித்து அழுதவளின் நம்பிக்கையைக் கணக்கில் எடுத்தால் வேறு மாதிரி. பெரிய எண்ணிக்கையின் நன்மைக்காக ஒருத்தியைக் காட்டிக்கொடுப்பது பற்றி மேற்கத்திய அறவியல் புத்தகங்களில் எத்தனையோ உதாரணங்கள் ஜோடிக்கப்படுகின்றன. இங்கே ஜோடனை இல்லை. பள்ளிக்கூடம் போகாத ஒரு பெண் இரும்புத் தரையில் ஒரு ராத்திரி முழுக்க அதை யோசித்திருக்கிறாள். முடிவெடுத்திருக்கிறாள். அதன் பிறகு ஆயுள் முழுவதும் அதற்குப் பொறுப்பாளியாக இருந்திருக்கிறாள். ஜிம்முக்கு நேர்ந்ததைவிட இது எந்த விதத்தில் குறைந்தது?

நண்பர் மறுப்பார் என்று எனக்குத் தெரியும். "பொறுப்பை அவள் தலையில் வைக்கிறீர்கள். ஐயாயிரம் பேரை ஒரே தளத்தில் அடைத்தவன் யார்? காபின்காரனை இறக்கிவிட்டு டெக்காரனைத் தீவில் அடைத்தவன் யார்? அவனை விட்டுவிட்டு அவளுடைய மனசாட்சியைப் பேசினால் கம்பெனிக்கு விடுதலை கொடுத்த மாதிரி." இது சரியான ஆட்சேபம். ஆனால் நான் குமாஸ்தா. கணக்கில் ஒரு பக்கம் எழுதினால் மறுபக்கத்திலும் எழுதியாக வேண்டும் என்பது எனக்குப் பழக்கம். அவளுக்கு அந்த ராத்திரியை உண்டாக்கியது கம்பெனியும் அதன் வகுப்புகளும். அது கம்பெனியின் பற்று. அந்த ராத்திரியில் முடிவெடுத்தது அவள். அது அவளுடைய வரவு. ஒன்றை எழுதினால் மற்றது அழியாது. மாறாக, அவளுக்கு மனசாட்சி இருந்தது என்று ஒப்புக்கொண்டால்தான் கம்பெனி செய்ததன் முழுக் கனம் தெரியும். உணர்வில்லாத சரக்கை அடைப்பது சிக்கனம். யோசிக்கிற ஒருத்தியை அப்படிப்பட்ட ஒரு யோசனைக்குள் அடைப்பது குற்றம்.

நம் இலக்கியத்திலும் அக்கரைக்குப் போனவர்கள் இரண்டு மாதிரியாகத்தான் வந்திருக்கிறார்கள். பாரதி ஃபிஜித் தீவின் கரும்புத் தோட்டத்துப் பெண்களுக்காகப் பாடியது நம் மொழியின் பெரிய துக்கங்களில் ஒன்று. ஆனால் அங்கே அழுகிறவர்கள் எல்லோரும் ஒன்றாக அழுகிறார்கள். ப. சிங்காரம் 'புயலிலே ஒரு தோணி'யில் பாண்டியனுக்குக் கொடுத்த உள்மனம் தமிழில் அபூர்வமானது. அவன் வட்டிக்கடை உலகத்திலிருந்து வந்தவன், படித்தவன், தன்னையே எட்ட நின்று பார்க்கத் தெரிந்தவன். இரண்டுக்கும் நடுவில், டெக்கில், ஊறுகாயைப் பங்கிட்டுக்கொண்ட இரண்டு பெண்களுக்கு இடம் காலியாகவே கிடக்கிறது.

அரசாங்கத்தின் நினைவு வேறு வழியில் போகிறது. 1906-இல் வ.உ. சிதம்பரம் பிள்ளை தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியை ஆரம்பித்தது இதே பி.ஐ. கம்பெனிக்கு எதிராகத்தான். பி.ஐ. கட்டணத்தைக் குறைத்துக் குறைத்து நெருக்கியது. 1908-இல் அவரைக் கைதுசெய்து தீவாந்தர தண்டனை விதித்தார்கள். அவர் சிறையில் இருந்தபோதே கம்பெனி கலைந்தது. அந்தத் தோல்விக்குப் பின் பிறந்த கப்பல் ரஜூலா. அதன் கடைசிக் காலத்தில், ஷிப்பிங் கார்ப்பரேஷன் பிரான்சில் 1966-இல் கட்டப்பட்ட பாஸ்டர் என்ற கப்பலை வாங்கி, அதே சென்னை-சிங்கப்பூர் வழியில் விட்டது. வைத்த பெயர் 'சிதம்பரம்'. ரஜூலா போயிற்று, சிதம்பரம் வந்தது. பெயரளவில் இதைவிட நேர்த்தியான நியாயத்தை யாரும் வடிவமைக்க முடியாது.

1985 பிப்ரவரியில் சிங்கப்பூரிலிருந்து திரும்பும் வழியில் சிதம்பரம் தீப்பிடித்தது. ஏறத்தாழ நாற்பது பேர் இறந்தார்கள். தீயோடு அதன் காலமும் முடிந்தது. வீரரின் பெயர் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. அந்த நாற்பது பேரில் ஒருவர் பெயரையாவது சொல்லக்கூடியவர், அவர்கள் குடும்பங்களுக்கு வெளியே, எத்தனை பேர்? பெயர் மாற்றுவது மேல்தளத்தில் நடக்கிற காரியம். கீழே பாய் விரித்திருப்பவனுக்குக் கப்பலின் பெயர் ரஜூலாவானாலும் சிதம்பரமானாலும் இரும்பின் சூடு ஒன்றுதான்.

பார்க்காத கப்பலை நினைக்க எனக்கு என்ன பாத்தியதை என்று ஆரம்பத்தில் கேட்டேன். கப்பலை நினைக்க யாருக்கும் பாத்தியதை வேண்டியதில்லை, அது இரும்பு. அதில் போனவர்களை நினைப்பதற்குத்தான் வேண்டும். அதைச் சம்பாதிக்க ஒரே வழி, அவர்களிடம் சரியான கேள்வியைக் கேட்பது. 'எவ்வளவு கஷ்டப்பட்டீர்கள்' என்று கேட்டால் நாம் எதிர்பார்த்த பதிலையே தருவார்கள், மரியாதை தெரிந்தவர்கள். 'என்ன செய்தீர்கள்? அதை இப்போது எப்படி நினைக்கிறீர்கள்?' என்று கேட்க வேண்டும். பதில் நம் கோபத்துக்கு உதவாமல் போகலாம். யாரோ ஒருவர் தண்ணீரைத் திருடியதாகச் சொல்லலாம். யாரோ ஒருவர் சுக்கானை விடாமல் பிடித்திருந்ததாகச் சொல்லலாம்.

ரஜூலாவின் டெக்கில் போனவர்களில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். மிகச் சிறிய வயதில் போனவர்கள். இன்று மிக முதியவர்கள். இன்னும் சில நவம்பர்கள் அவர்கள் வருவார்கள்.